ஐம்பத்தெட்டாம் பக்கத்து வரி

ஜனவரி 9, செவ்வாய்

மதியம் மருந்துக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். காலி மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் எழுதினேன்: "தம்பிக்கு இடது காதில் மட்டும் கூச்சம்." அவ்வளவுதான். ஒரு வரி.

அவன் போய் நாற்பத்தோரு வருடம் ஆகிறது. அவன் காதைப் பற்றி இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்று பெண்கள். அம்மாவுக்கு எழுபத்து நாலு. அக்காவுக்கு ஐம்பத்து மூன்று. எனக்கு நாற்பத்தேழு. நாங்களும் போய்விட்டால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

புத்தகம் எழுதப் போகிறேன். எழுதிவிட்டேன், இனி மறுக்க முடியாது.

ஜனவரி 28, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எதையும் நட்டு போல்ட்டாகத்தான் பார்ப்பார். "எத்தனை மாடி?" என்றார். நாலு என்றேன். அம்மா, நான், அக்கா, தம்பி. ஆளுக்கு ஒரு பகுதி. நாலு குளுக்கோஸ் டப்பா வாங்கி ஆளுக்கொன்றாகப் பெயர் ஒட்டிவிட்டேன். ஞாபகம் வருவதை அட்டையில் எழுதி, யாருடையதோ அந்த டப்பாவில் போட வேண்டியது. கடையில் மருந்து அடுக்குகிற அதே புத்தி.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "செத்தவனைப் பத்தி என்னடி எழுதறது?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "கீழ விழுந்து அவனுக்கு முன்பல் ரெண்டும் உடைஞ்சிருந்துச்சு, அதை எழுதினியா?" என்றாள்.

பிப்ரவரி 17, சனி

அம்மா டப்பாவுக்கு இன்று ஆறு அட்டை. தையல் ஆலைக்கு அவள் இருட்டோடு கிளம்புவது. லாரி ஓட்டப் போன அப்பா மாதக்கணக்கில் வராதது. முக்கியமாக, டம்ளர்.

தம்பிக்கு வலிப்பு. தினம் காலையில் ஒரு மருந்து, கசப்பு தெரியாமல் இருக்கத் தேனில் குழைத்து, ஒரு சின்ன டம்ளரில். அம்மா கொடுப்பாள், அவளால் முடியாத நாளில் அக்கா கொடுப்பாள். கொடுத்தவர் டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்திருந்தால் கொடுத்தாயிற்று. நிமிர்ந்திருந்தால் இன்னும் இல்லை. கடிகாரம் இல்லாத, யாரும் யாருக்கும் சீட்டு எழுதி வைக்காத வீட்டில் அதுதான் சட்டம்.

மார்ச் 3, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அம்மாவுக்குத் தலை வாரினாள், நகம் வெட்டினாள், ரவிக்கைக்குக் கொக்கி தைத்தாள். பதினோரு மணி மாத்திரையை எடுத்துக்கொடு என்று நான் அடுக்களையிலிருந்து கத்தினேன். வேலை மும்முரத்தில் மறந்து போய்த்தான்.

அம்மா எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "சின்னவ வரட்டும்."

அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒன்பது வருடமாக அம்மா என்னோடு இருக்கிறாள், ஒரு வேளை மருந்துகூட அக்கா கையால் வாங்கியதில்லை. தண்ணீர் வாங்குவாள். சாப்பாடு வாங்குவாள். மருந்து மட்டும் இல்லை.

இதை எழுதாமல் இந்தப் புத்தகத்தை எழுத முடியாது. அக்காவிடம் எப்படிக் கேட்பது?

மார்ச் 10, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பஸ் நிறுத்தம் வரை கூடப் போய், பஸ் தெரிந்த பிறகு. கோழை.

"அந்தக் காலையை எழுதலாமாக்கா?"

"எழுதேன். ஊருக்கே தெரிஞ்ச கதைதானே." ஏறிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22, திங்கள்

அக்கா பகுதி முடிந்தது. மூன்று தடவை அழுதேன், ஒரு தடவை முதலாளி முன்னால். கண்ணில் தூசி என்றதற்குச் சொட்டு மருந்தை எடுத்து நீட்டுகிறார்!

கதை இதுதான். அன்று தம்பிக்குச் சளிக் காய்ச்சல். அதனால் அம்மாவே விடியுமுன் அவனை எழுப்பி மருந்தைக் கொடுத்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வயது அக்கா கவிழ்த்த டம்ளரைப் பார்க்காமல் விடிந்து வெயில் ஏறியதும் மறுபடி கொடுத்தாள். மதியத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது. நாலரை வயது.

"கண்ணு எங்கடி போச்சு?" என்று அம்மா கேட்டாள். "பாக்கலம்மா" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாள், அன்றைக்கும் பிறகும்.

இரட்டை அளவு மட்டும் ஒரு பிள்ளையைக் கொல்லுமா, சளி கொன்றதா? இருபத்திரண்டு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கே தெரியாது. அப்போதும் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் அக்கா தலையில் விழுந்தது.

கனத்தைக் குறைக்க ஒரு வேடிக்கையும் சேர்த்தேன். தன் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது, அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மூடி மருந்து கொடுக்கக்கூட அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வருவாள். பயந்தாங்கொள்ளி என்று எழுதினேன். சிரிப்பு வருகிறது, அந்த இடம்.

மே 19, ஞாயிறு

"நான்" பகுதி. எனக்கு அப்போது ஆறு வயது, பெரிதாக என்ன இருக்கும் என்று நினைத்தேன். டப்பாவில் பதினேழு அட்டை இருந்தது. அதில் ஒன்றை எடுத்து நாலு வரி எழுதினேன். நான் எழுதியதில் இதுதான் நல்ல வரி என்று நினைக்கிறேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், ஆசைக்கு:

"அன்று தாகத்தில் எழுந்தேன். அலமாரியிலிருந்த சின்ன டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தேன். தண்ணீரில் தேன் வாசனை. திரும்ப வைத்துவிட்டுப் பார்த்தால், தம்பியின் கை போர்வைக்கு வெளியே இருந்தது, விரல் மட்டும் என்னைக் கூப்பிடுகிற மாதிரி மடங்கியிருந்தது. நான் போகவில்லை."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இருந்தாலும் இது பொன்தான்.

ஜூன் 16, ஞாயிறு

முடிந்தது. டைப் அடித்து இரண்டு பிரதி. ஒன்று பதிப்பாளருக்கு. ஒன்று அக்காவுக்கு.

அக்கா வாங்கிக் கையில் எடை பார்த்தாள். "இவ்வளவா? அவன் இருந்ததே நாலரை வருஷம்."

ஜூலை 7, ஞாயிறு

அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் வைத்திருந்தாள். தன்னைப் பற்றிய பகுதியில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, பயந்தாங்கொள்ளி அப்படியே இருக்கிறது. முழுப் புத்தகத்திலும் ஒரே ஒரு இடத்தில் கை வைத்திருக்கிறாள். தையல் பென்சிலால், ஸ்கேல் வைத்து, நேர்க்கோடாக அடித்திருக்கிறாள்.

என் தேன் வாசனை வரியை!

"ஏன்க்கா?"

"நல்லால்ல."

"என்ன நல்லால்ல?"

"தேவையில்லைன்னு பட்டுச்சு. எடுத்துடு."

கோபம் வந்துவிட்டது எனக்கு. வெட்டித் தைக்கிறவளுக்கு எங்கு பார்த்தாலும் உபரித் துணி. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். எடுக்க மாட்டேன்.

ஜூலை 25, வியாழன்

பதிப்பாளர் ஃபோன். போடுகிறாராம்! எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஒரு அம்மாளுக்கு இருமல் மருந்துக்குப் பதில் தலைமுடித் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன், நல்லவேளை அவரே பார்த்துச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தத் தேன் வாசனை இடம் பிரமாதம் மேடம்" என்றார் பதிப்பாளர். கேட்டுக்கோ அக்கா.

ஆகஸ்ட் 12, திங்கள்

பதிப்பகத்தில் மெய்ப்பு, அதாவது அச்சுப் பிழை, பார்க்கிற பெண்மணி கறாராம். வரிக்கு வரி கேள்வி கேட்பாராம். கேட்கட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

அச்சுக்குக் கோத்த பக்கங்கள் வந்தன. கடையில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் பொடிப்பொடியாகக் கேள்விகள். போர்வை பச்சையா நீலமா? அப்பா வந்தது எந்த மாதம்? எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஐம்பத்தெட்டாம் பக்கம்.

"பக்கம் 41: அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார். பக்கம் 58: அதே காலை நீங்கள் அதை எடுத்துத் தண்ணீர் குடித்துத் திரும்ப வைக்கிறீர்கள். கவிழ்த்தா, நிமிர்த்தியா? பக்கம் 73: அக்கா கவிழ்ந்திருந்த டம்ளரைக் கவனிக்கவில்லை. அக்கா வந்தபோது டம்ளர் எப்படி இருந்தது? சரிபார்க்கவும்."

எப்படி இருந்தது?

எப்படி வைத்தேன் நான்?

ஆறு வயசுக்காரி தண்ணி குடிச்சிட்டு டம்ளரை எப்படி வைப்பா

தேன் வாசனை வந்துச்சே. அப்ப அம்மா குடுத்துட்டுப் போயாச்சு. கழுவக்கூட நேரமில்லாம கவுத்து வச்சிட்டுப் போயிருக்கா. நான் எடுத்து, குடிச்சு, நிமித்தி வச்சேன். அக்கா பாத்தா. ஒழுங்காப் பாத்தா. அவ கண்ணு எங்கயும் போகல.

முதலாளி வந்து என்னம்மா என்னம்மா என்றார். தலைசுற்றல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கடைக்குப் போகவில்லை.

நாலு டப்பா. எல்லா அட்டையும் என் கையெழுத்து. அவற்றில் மூன்று அட்டை ஒரே காலையைப் பற்றி. ஒன்று அம்மா டப்பாவில், ஒன்று என் டப்பாவில், ஒன்று அக்கா டப்பாவில். மூன்றையும் ஒரு மேசையில் நான் சேர்த்து வைக்கவே இல்லை. இரண்டு டாக்டர் ஒரே மருந்தை எழுதியிருந்தால் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிறவள் நான். கடையில் அதற்கு எனக்குப் பெயர் உண்டு.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் வந்தது என்பார்கள். இது பூதம்கூட இல்லை. நான்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அக்கா இங்கே வருவதற்கு முன் நான் அவள் தையல் கடைக்குப் போனேன். ஞாயிறு என்றாலும் காலையில் இரண்டு மணி நேரம் திறப்பாள். யாரோ குழந்தையின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரியை எதுக்கு அடிச்ச?"

"நல்லால்லன்னு சொன்னேனே."

"அக்கா."

கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டம்ளரைக் கவுத்துத்தானே வச்சேன்னு அம்மா கத்தினப்பவே. அப்பதான் பொறி தட்டுச்சு. காலையில நான் தலை பின்னிக்கிட்டு இருந்தேன், நீ அந்த டம்ளரோட தண்ணிக் குடத்துக்கிட்ட நின்னது கண்ணுல பட்டிருந்துச்சு. அம்மா கத்தும்போது நீ அவ பின்னால நின்னு கட்டைவிரலைச் சூப்பிக்கிட்டு இருந்த."

"சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்ட? அந்த அம்மாகிட்டயா? அன்னிக்கு அவ இருந்த இருப்புக்கு யாரையாவது பிச்சுப் போட்டிருப்பா. எனக்குப் பன்னெண்டு வயசு, உனக்கு ஆறு. நான் தாங்கிக்கிட்டேன். நீ தாங்கியிருப்பியா?"

"அப்புறமாவது? இப்ப எனக்கு நாப்பத்தேழு."

"இப்ப மட்டும் தாங்குவியா? மூஞ்சியப் பாரு, பேயறஞ்ச மாதிரி." முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள், நாற்பத்தேழு வயது மூக்கை. "அந்த வரியை எடுத்துடு. மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. எனக்குப் பழகிப் போச்சு."

பயந்தாங்கொள்ளி என்று எழுதினேனே, அதையும் படித்தாள் இவள். படித்துவிட்டு ஒரு கோடு போடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பதிப்பாளரிடம் பேசினேன். என்ன ஏது என்று சொல்லவில்லை, 58-இல் குழப்பம் என்று மட்டும் சொன்னேன். "ரொம்ப சிம்பிள் மேடம். பிடிச்ச வரிதான், இருந்தாலும் தூக்கிடுவோம். தூக்கிட்டா 41-ம் 73-ம் சரியாப் பொருந்துது."

ஆமாம். பொருந்துகிறது. நாற்பத்தோரு வருடமாகப் பொருந்திக்கொண்டுதான் இருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

எடுத்துவிடலாம். அக்காவே சொல்கிறாள். அம்மாவுக்கு இந்த வயதில் எதற்கு? இருக்கிற கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

யாருடைய நிம்மதி? உண்மையைச் சொல்லு. அம்மா மருந்துக்கு உன் கையை எதிர்பார்க்கிறாளே, அது உனக்கு வேண்டும். ஒன்பது வருடமாக அதில் உனக்கு ஒரு பெருமை.

செப்டம்பர் 15, ஞாயிறு

"சின்னவ வரட்டும்" என்றாள் அம்மா இன்றும். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் மாத்திரையோடு போனேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எழுதிவிட்டேன். 58-ஆம் பக்கத்து வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே வரி சேர்த்தேன்: "டம்ளரை நிமிர்த்தி வைத்தேன்." 73-ஐ முழுவதும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அக்கா பார்த்தாள் என்று எழுதினேன். பயந்தாங்கொள்ளியை எடுத்துவிட்டேன்.

மெய்ப்பு பார்க்கிற பெண்மணியின் கேள்விக்கு நேரே "சரிபார்த்தேன்" என்று எழுதி அனுப்பினேன்.

இவரிடம் மட்டும் சொன்னேன். வழக்கமாக ஏதாவது கிண்டல் வரும். வரவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டு.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட நீதான் படிச்சுக் காட்டணும், நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்ததும் பசை வாசனை. அட்டையில் என் பெயர். எவ்வளவு நாள் இந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குதிப்பேன் என்று நினைத்தேன். கடை மேசையில் வைத்துவிட்டு வந்தவருக்கு ஜீரண மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

முதலாளி கண்ணாடி அலமாரியில், வைட்டமின் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒன்றை நிற்க வைத்திருக்கிறார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர். சிரித்துவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மாவுக்குக் கண் புரை, எழுத்து தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்தாள். "அவன் படம் போடலியா?" என்றாள். அவனுக்குப் படமே இல்லையே அம்மா.

மதியம் படிக்க ஆரம்பித்தேன். அவள் பகுதியைக் கேட்டு, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினாள். முன்பல் வந்ததும் சிரித்தாள். 52-ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

படித்தேன். 58-ஐயும், அதன் கீழே இருக்கிற ஒரு வரியையும். பிறகு 73-ஐ.

அம்மா சேலை ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். கேட்கவில்லையோ என்று மறுபடி படிக்கப் போனேன்.

"கேட்டுச்சு" என்றாள்.

மடித்த ஓரத்தை நீவிக்கொண்டே, "பெரியவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்மா."

"அவளும் சொல்லல."

"சொல்லல."

"நானும் கேக்கல. பாத்தியான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாளோ என்னவோ. கண்ணு எங்க போச்சுன்னுதான் கேட்டேன்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா, என்னைத் திட்டும்மா என்றேன். திட்டவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

காலை மாத்திரையோடு போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பெரியவ வரட்டும்."

டிசம்பர் 3, செவ்வாய்

அக்கா இரண்டு பஸ் மாறி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "என்னால முடியாதுடி. எனக்குக் கை வராது. நீ குடு."

"என் கையால வாங்க மாட்டேங்கிறா அக்கா. நேத்துலேருந்து ஒரு மாத்திரை உள்ள போகல."

போனாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். எந்த மாத்திரை என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள், அட்டையை வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை படித்தாள். அம்மா வாயைத் திறந்துகொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள், நாலு வயதுப் பிள்ளை மாதிரி. விழுங்கியதும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் அங்கே போகவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நூலகத்தில் வெளியீடு. நாற்பது பேர். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ கை மடித்துத் தைத்துக்கொண்டே கேட்டாள். ஒரு வாசகர் எழுந்து, "தேன் வாசனை, எவ்வளவு அழகான வரி" என்றார். நன்றி சொன்னேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

அக்கா இப்போது தினம் காலையில் வருகிறாள், கடை திறப்பதற்கு முன். அம்மாவுக்கு எல்லாம் பழையபடிதான். என்னோடு பேசுகிறாள், சாப்பாடு வாங்குகிறாள், இவரோடு வம்பளக்கிறாள். மருந்துக்கு மட்டும் நான் கிட்டே போனால் ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறாள்.

"மெதுவாச் சரியாயிடும்" என்றாள் அக்கா, கிளம்பும்போது.

"எத்தனை நாள் ஆகும்?"

சொன்ன பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்று உறைத்தது. அவள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

உள்ளே வந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள். தாகமாக இருந்தது. அடுக்களைக்குப் போய் வேறு டம்ளர் எடுத்துக்கொண்டேன்.